சிறுநீர்ப்பெருக்கி மாத்திரைகள்

சிறுநீரகத்தின் வழியே உப்பையும், அதைப் பின்தொடர்ந்து நீரையும் கூடுதலாக வெளியேற்றும் மருந்துகள். உயர் இரத்த அழுத்தத்துக்கும், இதயச் செயலிழப்பு, கல்லீரல் சுருக்கம், சில சிறுநீரக நோய்கள் ஆகியவற்றால் கால், வயிறு, நுரையீரல் போன்ற இடங்களில் நீர் கோப்பதற்கும் தரப்படுகின்றன. தமிழகத்தில் நோயாளிகள் இவற்றை ‘நீர் மாத்திரை’ என்பார்கள். ‘லேசிக்ஸ்’ என்ற வணிகப் பெயரும் வீட்டுப் பேச்சில் கலந்துவிட்டது. இம்மருந்துகளின் வரலாறு இரண்டு கேள்விகளால் ஆனது. எது நீரை இறக்கும் என்பது முதல் கேள்வி. அதற்கு 1960களுக்குள் பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது. எவ்வளவு இறக்கினால் ஆபத்தில்லை என்பது இரண்டாவது. அதன் விடை இன்னமும் திருத்தப்பட்டு வருகிறது.

மாத்திரைக்கு முன்

உடலில் நீர் கோப்பதைப் பழைய மருத்துவங்கள் தனி நோயாகவே எண்ணின. எகிப்தியரும் கிரேக்கரும் கடல் வெங்காயத்தைக் கொடுத்தார்கள். நம் நரிவெங்காயம் அதன் நெருங்கிய உறவு. சித்த மருத்துவத்தில் நெருஞ்சில், மூக்கிரட்டை, நீர்முள்ளி, சிறுபீளை ஆகியவை இதற்கான மூலிகைகள். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அதே சிறுபீளைதான்.

ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் உடலில் நீர் கோத்துத் துன்புற்றவர். 1784 பிப்ரவரியில் அவருக்கு ஏறக்குறைய பத்து லிட்டர் நீர் பிரிந்து வீக்கம் வடிந்தது. அவ்வாண்டு டிசம்பரில், மரணப் படுக்கையில், வீங்கிய கால்களைத் தாமே கீறிக்கொண்டார். கீறி வடிப்பது அன்று முறையான சிகிச்சைதான். ஏறக்குறைய நூறாண்டு கழித்தும் அது மாறவில்லை; 1877இல் ரெஜினால்ட் சவுதி என்ற லண்டன் மருத்துவர் கால் தோலில் செருகி நீரை வடிக்கும் மெல்லிய குழாய்களை வடிவமைத்தார்.

1785இல் வில்லியம் விதரிங் எழுதிய நூல் இந்த வரலாற்றில் தனி இடம் பெறுகிறது. ஷ்ராப்ஷயரைச் சேர்ந்த ஒரு மூதாட்டியின் குடும்ப மருந்தில் நரிக்கையுறைச் செடியே (டிஜிட்டாலிஸ்) வேலை செய்கிறது என்று கண்டறிந்து, அதன் இலையை அளந்து கொடுத்துப் பார்த்தவர் அவர். அது இதயத்தின் மருந்து என்ற தெளிவு அவருக்கு இருக்கவில்லை. சிறுநீரைப் பெருக்குகிறது என்றே எண்ணினார். ஆனால் சிறுநீர் பெருகினாலோ, நாடி தளர்ந்தாலோ, வயிறு குமட்டினாலோ, பேதியானாலோ உடனே நிறுத்த வேண்டும் என்று வரையறுத்தார். மருந்தின் பயனைப் பாடிய நூல்கள் அதற்கு முன்பும் உண்டு. எங்கே நிறுத்துவது என்று இவ்வளவு கண்டிப்பாகச் சொன்னவை அரிது.

பாதரச ஊசி

1919இல் வியன்னாவில் வென்கெபாக் என்னும் புகழ்பெற்ற இதய மருத்துவரின் பிரிவில் ஆல்ஃபிரட் வோகல் என்ற மருத்துவ மாணவர் பணியாற்றினார். பிறவியிலேயே சிபிலிஸ் தொற்றிய ஓர் இளம்பெண் அவருடைய பொறுப்பில் இருந்தாள். அந்நோய்க்கு அன்று பாதரசமே மருந்து. வோகல் எழுதித் தந்த பாதரச உப்பு நீரில் கரையாது என்பதால் கிடைக்கவில்லை. அப்போது சக மருத்துவர் ஒருவர் நோவசுரால் என்ற புதிய பாதரச ஊசியின் மாதிரிக் குப்பிகளைக் கொடுத்தார். அந்தப் பிரிவின் செவிலியர், கேட்டாலும் கேட்காவிட்டாலும், நோயாளிகளின் சிறுநீரை நாள்தோறும் அளந்து அட்டவணையில் குறித்து வைப்பவர்கள். ஊசி போட்ட நாள்களில் அந்தப் பெண்ணின் சிறுநீர் பல மடங்கு ஏறியிருப்பதை அந்த அட்டவணை காட்டியது. நீர் கோத்து மூச்சுத் திணறிக் கிடந்த இதய நோயாளிகளுக்கு அதைப் போட்டுப் பார்த்தபோது வெள்ளமாகப் பிரிந்தது. சாக்ஸல், ஹைலிக் என்ற மூத்தவர்கள் 1920இல் அதை வெளியிட்டார்கள். வோகல் தம் தரப்பை 1950இல்தான் எழுதினார். கண்டுபிடிப்பில் பாதிப் பெருமையாவது பெயர் தெரியாத அந்தச் செவிலியருக்குச் சேர வேண்டும்.

அடுத்த முப்பதாண்டுகள் பாதரச ஊசியே ஆட்சி செய்தது. வாரம் ஓரிரு முறை மருத்துவரிடம் போய்க் குத்திக்கொள்ள வேண்டும். சிறுநீரகத்துக்கு நஞ்சு, சில வேளை இதயம் சட்டென நின்றுபோவதும் உண்டு. வாயால் உட்கொள்ளத்தக்க, பாதரசம் இல்லாத மருந்து ஒன்று தேவைப்பட்டது.

சல்ஃபாவின் வழி

அதற்கான தடயம் நுண்ணுயிர்க்கொல்லி ஒன்றின் பக்கவிளைவில் கிடந்தது. சல்ஃபனிலமைடு உட்கொண்டவர்களின் இரத்தம் அமிலத்தன்மை அடைவது 1937இல் தெரிந்தது. சிறுநீரகத்திலும் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியை அது தடுப்பதே காரணம் என்று 1940இல் துலங்கியது. 1949இல் பாஸ்டனில் வில்லியம் ஷ்வார்ட்ஸ் அதை மூன்று இதய நோயாளிகளுக்குக் கொடுத்தார். சோடியமும் நீரும் பிரிந்தன, ஆனால் நச்சுத்தன்மை தாங்க முடியவில்லை. அடுத்து வந்த அசிட்டசோலமைடும் வலுக்குறைந்ததாகவே இருந்தது.

அமெரிக்காவின் மெர்க் ஷார்ப் அண்ட் டோம் ஆய்வகத்தில் கார்ல் பேயர் வேறொரு வேலையில் இருந்தவர். போர்க்காலத்தில் அரிதாக இருந்த பெனிசிலினைச் சிறுநீரகம் விரைந்து வெளியேற்றிவிடுவதைத் தடுக்க முயன்றார். அந்தப் பழக்கத்தோடு, சமையல் உப்பையே வெளியேற்றும் ஒரு சல்ஃபா மருந்தைத் தேடலானார். அவருடைய குழுவின் வேதியியலாளர் ஃபிரெடரிக் நொவெல்லோ ஒரு மூலக்கூற்றுடன் ஃபார்மிக் அமிலம் சேர்த்தபோது எதிர்பாராத விதமாக ஒரு வளையம் மூடிக்கொண்டது. கிடைத்தது குளோரோதயசைடு. 1957–58இல் இம்மருந்து வெளியானது. 1959இல் சீபா நிறுவனத்தின் ஹைட்ரோகுளோரோதயசைடும், அதை ஒட்டிக் கெய்கியின் குளோர்தாலிடோனும் வந்தன. உடலின் உப்புக்காப்பு ஹார்மோனான ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனும் அதே காலத்தது. 1960களின் நடுவில் ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் நிறுவனம் ஃபுரோசமைடைக் கொண்டுவந்தது, லேசிக்ஸ் அதுதான்.

இவை செயல்படும் இடங்கள் வேறு. சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் அளவையே வெளியே விடுகின்றன. மற்றதை உப்போடு திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. வடிகட்டிய உப்பில் ஏறக்குறைய கால் பங்கு உறிஞ்சப்படும் ஹென்லி வளைவில் லேசிக்ஸ் தடுக்கிறது. ஆகவே சில மணி நேரத்துக்கு வேகமாக இறக்கும். தயசைடு வகை அதற்கு அடுத்த சிறு பகுதியில், மெல்ல, நெடுநேரம் வேலை செய்கிறது. இரத்த அழுத்தத்துக்குப் பொதுவாகத் தயசைடும், மூச்சுத்திணறலோடு கூடிய வீக்கத்துக்கு லேசிக்ஸும் தரப்படுவது இதனால்தான்.

அழுத்தத்துக்கு மருந்தான கதை

1944 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டைச் சோதித்த இளம் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூயன் குறித்த அழுத்தம் 186/108. இதயம் வீங்கியிருந்தது. டிஜிட்டாலிஸ், உப்புக் குறைப்பு, ஓய்வு ஆகியவற்றைத் தாண்டிக் கொடுக்க அதிகம் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளை இரத்தக்கசிவால் அவர் இறந்தபோது அழுத்தம் 300/190. உலகின் மிக வலிமையான பதவியில் இருந்தவருக்கே அவ்வளவுதான் வசதி. அதே ஆண்டுகளில் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கெம்ப்னர் உப்பில்லாச் சோறும் பழமும் மட்டும் கொடுத்துக் கடும் அழுத்தத்தை இறக்கிக் காட்டினார். சலிக்காமல் அதைத் தொடர்ந்து உண்டவர்கள் குறைவு. தயசைடு மாத்திரை அந்தப் பத்தியத்தின் பலனை ஓரளவு வாய்க்கு இதமாகத் தந்தது எனலாம்.

அழுத்தத்தைக் குறைத்தால் ஆயுள் கூடுமா என்பது அப்போதும் வாதத்திலேயே இருந்தது. அதைத் தீர்த்தவர் எட்வர்ட் ஃபிரீஸ். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 143 ஆண்களை இரு பிரிவாக்கினார். கீழ் அழுத்தம் 115 முதல் 129 வரை இருந்தவர்கள். ஒரு பிரிவுக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, ரெசர்ப்பின், ஹைட்ரலசைன். மற்றதற்கு மருந்தில்லா மாத்திரை. 1967இல் வெளியான முடிவில், மருந்தில்லாப் பிரிவின் 70 பேரில் 27 பேருக்குக் கடும் பாதிப்பு. மருந்து பெற்ற 73 பேரில் இருவருக்கு மட்டும். அந்த ரெசர்ப்பின் நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து வந்தது. அவ்வேர் அழுத்தத்தைக் குறைப்பதை 1949இல் உலக மருத்துவருக்கு எடுத்துக்காட்டியவர் பம்பாயின் ரஸ்தம் ஜல் வகீல்.

பிறகு அளவு இறங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் ஹைட்ரோகுளோரோதயசைடு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் வரை சாதாரணம், இன்று 12.5 அல்லது 25. அளவைக் கூட்டினால் அழுத்தம் அவ்வளவாக மேலும் இறங்குவதில்லை, பொட்டாசியம் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது என்று தெரிந்ததே காரணம். 1991இல் முதியோரிடம் 12.5 மில்லிகிராம் குளோர்தாலிடோனில் தொடங்கிய ஆய்வு பக்கவாதத்தை 36 சதவீதம் குறைத்தது. 2002இல் 33,357 பேரிடம் நடந்த ஆல்ஹாட் ஆய்வில், விலை கூடிய அழுத்த மருந்துகளான அம்லோடிபினும் லிசினோபிரிலும் இந்தப் பழைய மாத்திரையை மிஞ்ச முடியவில்லை. 2008இல் எண்பது வயது தாண்டியவர்களுக்குத் தயசைடு வகையான இண்டபமைடு அடிப்படையிலான சிகிச்சை தந்தபோது இறப்பே குறைந்தது.

பாதுகாப்பு விதிகள் வந்த வழி

இன்று மருந்துச் சீட்டோடு சொல்லப்படும் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் பின்னால் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். தயசைடும் லேசிக்ஸும் பொட்டாசியத்தை இழுத்துச் செல்லும்; கெண்டைக்கால் தசைப்பிடிப்பு, தளர்ச்சி, இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவை வரலாம். டிஜிட்டாலிஸ் வகை மருந்தான டிஜாக்சின் எடுப்பவரிடம் இது உயிராபத்து. சோடியம் தாழ்வது இன்னும் நயவஞ்சகமானது. தயசைடு தொடங்கிய முதல் சில வாரங்களில், குறிப்பாக மெலிந்த உடல் கொண்ட மூதாட்டிகளிடம், தடுமாற்றமும் குழப்பப் பேச்சுமாக அது தலைகாட்டும். ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்று வீட்டார் விட்டுவிடுவதுண்டு. மாத்திரை தொடங்கிய சில வாரங்களுக்குள்ளும், அளவை மாற்றும்போதும் சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் பார்க்கச் சொல்வது இதற்காகவே. சர்க்கரையும் யூரிக் அமிலமும் சற்று ஏறலாம். கவுட் மூட்டுவலி உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஸ்பைரோனோலாக்டோன் எதிர்த் திசையில், பொட்டாசியத்தை ஏற்றிக் கெடுக்கும். 1999இல் ரேல்ஸ் ஆய்வு, கடும் இதயச் செயலிழப்பில் 25 மில்லிகிராம் அளவு இறப்பை 30 சதவீதம் குறைப்பதைக் காட்டியது. மருத்துவர்கள் தாராளமாக எழுதத் தொடங்கினார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் ஏ.சி.இ. தடுப்பி என்ற வகை அழுத்த மருந்தும் எடுத்துவந்த முதிய இதய நோயாளிகளில், பொட்டாசியம் மிகுந்து மருத்துவமனை சேர்ந்தவர்கள் 1994இல் ஆயிரத்துக்கு 2.4 பேர்; 2001இல் 11 பேர். ஆய்வில் இருந்த கண்காணிப்பு வெளியே இருக்கவில்லை. ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர்கள் இளநீரையும், பொட்டாசியம் கலந்த ‘குறைந்த சோடியம்’ உப்பையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மற்ற நீர் மாத்திரைக்காரர்களில் சிலருக்கு நன்மையாகக்கூடிய இளநீர், இவர்களுக்கு அப்படியல்ல.

டெல்மிசார்டன் போன்ற அழுத்த மருந்தும் நீர் மாத்திரையும் எடுப்பவர், மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் அல்லது ஐபுபுரூஃபனைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டால் சிறுநீரகம் அடி வாங்கும். பிரிட்டிஷ் நோயாளர் பதிவுகளை வைத்து 2013இல் வந்த ஆய்வு, இந்த மும்மருந்துக் கூட்டில் முதல் முப்பது நாள்களே மிக ஆபத்தானவை என்றது. மனநல மருந்தான லித்தியம் எடுப்பவருக்கு நீர் மாத்திரையால் அதன் நச்சு ஏறலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்தி வைப்பதா என்று அன்றே மருத்துவரிடம் கேட்க வேண்டும். சித்த மருந்தாக நீர்முள்ளிக் குடிநீர் குடிப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

காலையில் எடு என்பது இரவுத் தூக்கத்துக்காகவும், இருட்டில் எழுந்து விழாமல் இருக்கவும் சொல்லப்படுவது. அழுத்த மருந்தை எடுப்பது காலையா இரவா என்பதால் மாரடைப்பு, பக்கவாத எண்ணிக்கை மாறுவதில்லை என்று 21,104 பேரிடம் நடந்த டைம் ஆய்வு 2022இல் காட்டியது. வீட்டில் வேண்டியது எடைக்கருவி. இதய நோயாளிக்கு மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது பெரும்பாலும் நீர்தான். கால் வீங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

எல்லா வீக்கத்துக்கும் இது மருந்தல்ல. அம்லோடிபின் தரும் கணுக்கால் வீக்கம் உப்பு தேங்கி வருவதன்று. அதற்கு நீர் மாத்திரை கூட்டுவது ஒரு மருந்தின் விளைவுக்கு இன்னொரு மருந்து கொடுப்பதாகிவிடும். 1960களில் கருவுற்ற பெண்களுக்குக் கால் வீக்கத்துக்காகத் தயசைடு தாராளமாகத் தரப்பட்டு, பயனில்லை என்று பின்னர் கைவிடப்பட்டது. எடை குறைக்க விழுங்குவதும் வீண். குறைவது கொழுப்பு அல்ல. ஊக்கமருந்தை மறைக்க உதவும் என்பதால் விளையாட்டில் தடையும் உண்டு. 2003 கிரிக்கெட் உலகக் கோப்பை தொடங்கும் வேளையில் ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் ஷேன் வார்ன் வீடு திரும்பி ஓராண்டு தடை பெற்றது இப்படியொரு மாத்திரையால்தான்.

திருத்தங்கள் தொடர்கின்றன. ஹைட்ரோகுளோரோதயசைடை நெடுங்காலம் எடுப்பவர்களிடம் மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய் சற்று மிகுவதாக டென்மார்க் ஆய்வுகள் சொன்னதால், ஐரோப்பாவில் 2018இலும் அமெரிக்காவில் 2020இலும் வெயில் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. சிறுநீரகம் வெகுவாகக் கெட்டவர்களுக்குத் தயசைடு வகை பயன்படாது என்பது பல ஆண்டுகளாகப் பாடநூல் வாக்கு. 2021இல் அத்தகைய 160 பேரிடம் குளோர்தாலிடோனைச் சோதித்தபோது மேல் அழுத்தம் 11 புள்ளிகள் இறங்கியது. மருந்தில்லாப் பிரிவில் அரைப் புள்ளி. லேசிக்ஸ் வகையையும் உடன் எடுத்தவர்களிடம் கிரியேட்டினின் ஏற்றம் மிகுதியாக இருந்தது.