யாழ் நகரின் பழைய பாடசாலைக் கட்டடங்கள்: இடிக்குமுன் ஒரு சொல்

நூற்றாண்டு மலருக்கு மருத்துவக் கட்டுரை ஒன்று தரும்படி மலர்க் குழுவினர் கேட்டிருந்தனர். நீரிழிவு பற்றி எழுதுவதாகத்தான் இருந்தேன். ஆனால் எமது சங்கத்தின் சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், பழைய மண்டபத்தை இடித்து மூன்று மாடிக் கட்டடம் எழுப்புவது பற்றிய பேச்சு வந்தது. அந்த மண்டபம் எப்போது, யாருடைய பணத்தில் கட்டப்பட்டது என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். அங்கிருந்த எவராலும் விடை சொல்ல முடியவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் அங்கு படித்த என்னாலும் முடியவில்லை. அந்த வெட்கமே நான் தலைப்பை மாற்றியதற்குக் காரணம்.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாகப் பாடசாலைக்கென்று தனிக் கட்டடம் இருக்கவில்லை. சட்டம்பியாரின் திண்ணையே பள்ளிக்கூடம். ஒல்லாந்தர் காலத்தில் கோவிற்பற்றுத் தேவாலயங்களை ஒட்டிப் பாடசாலைகள் நடந்தன. 1672இல் வெளிவந்த பால்தேயஸ் பாதிரியாரின் நூலில் அத்தேவாலயங்களின் படங்களை இன்றும் காணலாம். 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிகள் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த அத்தகைய பழைய கட்டடங்களைத் திருத்தியே பணியைத் தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி உருவானதும் அந்தச் சூழலில்தான். ஆக, எங்கள் நவீன கல்வியின் முதல் வேலை பழைய சுவரைத் திருத்தியதே, இடித்ததன்று.

நகரிலும் அதன் அயலிலும் கல்விக்கூடங்கள் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1823இல் ஜோசப் நைற் பாதிரியார் நல்லூரில் தொடங்கிய பாடசாலை, பின்னர் சுண்டுக்குளிக்கு வந்து பரி. யோவான் கல்லூரியானது. வெஸ்லியன் மிஷனின் ஆங்கிலப் பாடசாலை 1834 முதல் பேர்சிவல் பாதிரியாரின் கையில் வளர்ந்து மத்திய கல்லூரியாயிற்று. அங்கு கற்றுக் கற்பித்த ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1850இல் தொடங்கிய கத்தோலிக்கப் பாடசாலை பின்னர் பரி. பத்திரிசியார் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி உருவாயிற்று. போட்டியும் பொறாமையும் கலந்தேதான் இவை வளர்ந்தன. அந்தப் போட்டியால் பயனடைந்தவர்கள் பிள்ளைகள்.

பெண்பிள்ளைகளுக்குக் கூரை கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் விடுதிப் பாடசாலை தொடங்கியபோது மகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். படித்து முடிக்கும் பெண்ணுக்கு மிஷனே சீதனம் கொடுக்க வேண்டியிருந்தது! நகரில் வெஸ்லியன் மிஷனின் வேம்படி எழுந்தது. 1862இல் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்தனர். 1896இல் மேரி காட்டர் அம்மையார் சுண்டுக்குளி மகளிர் கல்லூரியைத் தொடங்கினார். 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்காகக் கல்லூரி அமைத்தார். இந்து மகளிர் கல்லூரி எழுந்தது 1943இல். ஆண்பிள்ளைகளின் இந்துக் கல்லூரிக்கும் அதற்கும் இடையில் ஐம்பத்து மூன்று ஆண்டுகள். யாருக்கு எப்போது கற்சுவர் எழுப்பினோம் என்பதைப் பார்த்தாலே அன்றைய சமூகத்தின் மனம் தெரியும்.

சென்ற விடுமுறையில் எமது மண்டபத்தை மெல்லச் சுற்றிப் பார்த்தேன். சுவரின் தடிப்பு என் கையால் இரண்டு சாண். எங்கள் நிலத்தில் எங்கே வெட்டினாலும் கிடைக்கும் சுண்ணக்கல்லும், அதே கல்லைச் சூளையில் சுட்டெடுத்த சுண்ணாம்பும்தான் அந்தச் சுவர். கூரையில் வைரமேறிய பனைமரச் சிலாகைகள். அவற்றின் மேல் கடல்கடந்து வந்த கள்ளிக்கோட்டை ஓடுகள். இரு புறமும் தூண் விறாந்தை. எதிரெதிரே கதவுகள், சுவருக்கும் கூரைக்கும் இடையில் சூடான காற்று வெளியேற வழி. காசநோய் விடுதியில் நாங்கள் இன்றும் வலியுறுத்துவது இதைத்தான்: எதிரெதிர் யன்னல்களைத் திறந்து வையுங்கள், காற்று ஊடறுத்துப் போகட்டும். மின்விசிறி இல்லாத காலத்து மேசன்மாருக்கு இது தெரிந்திருந்தது.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகள் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. மாணவர் தொகை பெருகப் பெருக, 100 அடி நீளமும் 25 அடி அகலமுமான கட்டடங்கள் அஸ்பெஸ்ரஸ் கூரையுடன் எழுந்தன. அவற்றை நான் குறை கூறவில்லை. எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் அவற்றில் படித்தே உயர்ந்தார்கள். ஒரு வைத்தியராக ஒன்று மட்டும் சொல்வேன். அஸ்பெஸ்ரஸ் தகட்டை வெட்டும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் நார்த்தூசி நுரையீரலுக்குக் கேடானது; நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் செல்லும். உடைந்த தகடுகளைப் பிள்ளைகளைக் கொண்டு அகற்றுவிக்க வேண்டாம்.

அதன் பின்னர் போர். 1990இல் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டையில் அதன் அயலிலிருந்த கட்டடங்கள் சிதைந்தன. 1995 ஒக்டோபர் 30 அன்று, சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நான், புத்தகப் பையுடன் மழையில் நாவற்குழிப் பக்கம் நடந்தேன். தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் ஐந்து குடும்பங்கள் தங்கினோம். அம்மாவின் சேலைகளே எங்களுக்குச் சுவர். இரவில் குப்பி விளக்கில் நான் படித்ததும் அங்கேதான். பாடசாலைக் கட்டடம் என்பது படிப்பதற்கு மட்டுமானதல்ல என்பதை என் தலைமுறை அறியும்.

அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது எமது மண்டபத்தில் ஓடுகள் பாதி இல்லை. வாங்கு மேசைகள் விறகாகியிருந்தன. சுவர் மட்டும் நின்றது. ரீச்சர்மார் கூட்டித் துடைக்க, நாங்கள் தரையில் பாய் விரித்திருந்து படித்தோம். உயர்தரத்துக்குத் தவளையை வெட்டிப் பார்த்ததும் அந்த மண்டபத்தின் கீழ்க்கோடியில், ஓடு விழுந்த இடத்தால் வந்த வெளிச்சத்தில்தான்.

புதிய வகுப்பறைகள் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. பிள்ளைகளின் தலைமேல் விழக்கூடிய கூரையை நினைவுக்காக வைத்திருக்கவும் முடியாது. ஆனால் சர்க்கரைப் புண்ணோடு வருபவரின் காலைப் பரிசோதிக்காமலே துண்டிக்க எந்த வைத்தியரும் சம்மதிக்கமாட்டார். அந்த நீதியையே மண்டபத்துக்கும் கேட்கிறேன். சுண்ணாம்புக் கட்டு அறிந்த பொறியியலாளர் ஒருவர் முதலில் பார்க்கட்டும். சுவரில் தெரியும் ஊறல், பிற்காலத்தில் அதன்மேல் பூசிய சீமெந்து ஈரத்தை வெளியே விடாததாலும் வந்திருக்கலாம். அப்படியானால் அதற்கு மருந்து உண்டு. அதற்கிடையில் மண்டபத்தை அளந்து, படமெடுத்து, எண்பது வயதைக் கடந்த எமது மூத்த அக்காமார் அதைப் பற்றிச் சொல்வதைக் கேட்டு எழுதிவைப்போம். இந்த இரண்டாவது வேலைக்குப் பணம் தேவையில்லை, காலம்தான் குறைவு.

எமது அடுத்த பொதுக்கூட்டத்தில் அதே கேள்வியை யாராவது கேட்டால், விடை சொல்ல ஒருவராவது எழுந்து நிற்கவேண்டும். அந்த ஒருவராக இருக்க நான் முயல்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் பழைய படமோ, பற்றுச்சீட்டோ, பரிசளிப்பு விழா அழைப்பிதழோ இருந்தால் தந்துதவுங்கள்.