எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சீட்டு

எனக்கு ஊர் குழித்துறை. பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல களியக்காவிளை, அதைத் தாண்டினா கேரளம். லாட்டரியோட வரலாறு எனக்குப் புரிஞ்சது இந்தச் சின்ன தூரத்துலதான்.

கேரள அரசு 1967-ல லாட்டரித் துறையைத் தொடங்கிச்சு. முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. சீட்டு 1 ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். அதே 1968-ல, அண்ணா முதல்வரா இருந்தப்போ, தமிழ்நாடும் தொடங்கிச்சு. பரிசு விழுந்தா வீட்டுக்கு, விழலன்னா நாட்டுக்குன்னு சொல்லி வித்தாங்க. 1975-ல கலைஞர் நிறுத்தினார், எம்.ஜி.ஆர். ஆட்சியில திரும்ப வந்துச்சு. 2003 ஜனவரியில ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிக்கும் தடை போட்டுச்சு.

ஆனா அந்தத் தடை களியக்காவிளையோட நின்னுபோச்சு. இந்தப் பக்கம் சீட்டு வித்தா குற்றம், அந்தப் பக்கம் விக்கிறதே அரசு. ஆசைப்பட்டவங்க எல்லை தாண்டிப் போய் வாங்கினாங்க.

இப்போ பஸ்கூட வேண்டாம், ஃபோன் போதும். பணம் கட்டி ஆடுற ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை பண்ணி 2025 ஆகஸ்டுல மத்திய அரசும் சட்டம் கொண்டுவந்துச்சு. சட்டம் தேவைதான். ஆனா விட்ட காசை எப்படியாவது பிடிச்சிடணும்ங்கிற தவிப்பைச் சட்டத்தால மட்டும் நிறுத்த முடியாது.

கடன் வாங்கி ஆடுறீங்களா? வீட்டுக்குத் தெரியாம மறைக்கிறீங்களா? அப்போ இது வெறும் பொழுதுபோக்கு இல்ல. 14416-க்குக் கூப்பிடுங்க. அரசோட டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம், எந்நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். கடனை அடைச்சிட்டுக் கூப்பிடலாம்னு காத்திருக்காதீங்க.