பசுமைக் கடைக்காக இடிபட்ட பசுமைக் கடை

லண்டனின் கிரீனிச் தீபகற்பம் ஒரு காலத்தில் நிலக்கரி வாயு ஆலை நின்ற இடம். 1999-ல் அங்கே செயின்ஸ்பரி நிறுவனம் ஒரு சூப்பர் மார்க்கெட் கட்டியது. சுவர்களை ஒட்டி மண்மேடு, வெளிச்சத்துக்குக் கூரையில் வடக்கு பார்த்த கண்ணாடிகள். வழக்கமான கடைக்கு ஆகும் எரிசக்தியில் பாதி போதும் என்பது திட்டம். 2000-ல் ஸ்டிர்லிங் கட்டடக்கலைப் பரிசின் இறுதிப் பட்டியலிலும் இடம்பிடித்தது. ஒரு மளிகைக் கடைக்கு இது பெரிய விஷயம்தானே!

2015-ல் செயின்ஸ்பரி பக்கத்தில் சார்ல்டனில் பெரிய கடைக்குப் போய்விட்டது. கட்டடத்தைக் காப்பாற்றச் சொன்ன மனுக்கள் பலிக்கவில்லை. புதுக் கடை எவ்வளவு மின்சாரம் மிச்சம் பிடித்தாலும், பழையதில் போட்ட சிமெண்டும் இரும்பும் இருபது வருடம்கூட உழைக்கவில்லையே! அதே இடத்தில் 2019 பிப்ரவரியில் ஐக்கியா திறந்தது. கூரையில் சோலார் தகடுகள், மழைநீர் சேகரிப்பு, கூடவே 'பசுமை' விளம்பரம்.