விருந்தினர் மடிக்கணினியின் கம்பியற்ற இணைப்புப் பழுதறிதல்

விருந்தினர் மடிக்கணினியின் கம்பியற்ற இணைப்புப் பழுதறிதல் என்பது, ஒரு வீட்டின் வை-ஃபை வலையமைப்பில் அவ்வீட்டாரின் கருவிகள் அனைத்தும் இயங்க, வெளியிலிருந்து வந்தவரின் மடிக்கணினி மட்டும் இணையத்தைப் பெறாதபோது அதன் காரணத்தைக் கண்டறிந்து நீக்கும் முறையாகும். வீட்டுக் கருவிகள் இயங்குவதால் இணையச் சேவையும் திசைவியும் பெரும்பாலும் பழுதற்றவை என்று கொள்ளலாம். விருந்தினரின் கணினியும் முந்தைய நாள் வரை தன் வீட்டிலோ அலுவலகத்திலோ சரியாக இயங்கியிருக்கக்கூடும். ஆகவே இத்தகைய பழுது பொதுவாக இரண்டில் ஒன்றில் இல்லாமல், இரண்டின் அமைப்புகளும் ஒன்றோடொன்று பொருந்தாமையில் உள்ளது.

இவ்வேறுபாடு முக்கியமானது. காரணத்தை அறியாமல் திசைவியின் கடவுச்சொல்லை நீக்குவதோ, திசைவியை மீட்டமைப்பதோ ஒரு கணினியின் சிக்கலை வீடு முழுவதற்குமான சிக்கலாக மாற்றிவிடும்.

இணைப்பு ஏற்படும் விதம்

வை-ஃபை, ஐ.இ.இ.இ. 802.11 என்னும் சீர்தரக் குடும்பத்தை அடிப்படையாகக் கொண்டது. இதன் முதற் சீர்தரம் 1997இல் வெளியானது. பின்னர் 802.11ஏ, 802.11பி ஆகியவை 1999இலும், 802.11ஜி 2003இலும், 802.11என் 2009இலும், 802.11ஏசி 2013இலும், 802.11ஏஎக்ஸ் 2021இலும் வெளிவந்தன. இவற்றுள் இறுதி மூன்றும் முறையே வை-ஃபை 4, 5, 6 என அழைக்கப்படுகின்றன.

ஒரு மடிக்கணினி இணையத்தை அடைவதற்குப் பின்வரும் படிகளை வரிசையாகக் கடக்க வேண்டும்.

1. திசைவி வானலையில் அனுப்பும் அறிவிப்பைக் கம்பியற்ற அட்டை கேட்டல். இவ்வறிவிப்பு வழக்கமாக நொடிக்கு ஏறத்தாழ 10 முறை அனுப்பப்படுகிறது.
2. கடவுச்சொல்லைக் கொண்டு தன்னை உறுதிப்படுத்தி வலையமைப்பில் சேர்தல்.
3. திசைவியிடமிருந்து ஓர் ஐபி முகவரியைப் பெறுதல்.
4. திசைவி வழியாக வெளி இணையத்தை எட்டுதல்.
5. இணையதளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றிப் பெறுதல்.

ஒரு படி நிறைவேறாவிடில் அடுத்த படி நிகழாது. எனவே இணைப்பு எந்தப் படியில் நின்றுள்ளது என்பதை அறிவதே பழுதறிதலின் முதற் பணியாகும். முகவரி கிடைக்காத கணினியில் உலாவியை மாற்றிப் பார்ப்பதால் பயன் எதுவும் இல்லை.

தொடக்கச் சோதனைகள்

பழுது எந்தப் பக்கம் சார்ந்தது என்பதை மூன்று எளிய சோதனைகளால் அறியலாம்.

- விருந்தினரின் கைபேசியை அதே வலையமைப்பில் இணைத்தல். அதுவும் இணையவில்லை எனில், புதிய கருவிகளைத் திசைவி ஏற்காமல் இருக்க வாய்ப்புண்டு.
- மடிக்கணினியைக் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தல். இணைந்தால், அதன் கம்பியற்ற அட்டை இயங்குகிறது என்பது உறுதியாகும்.
- மடிக்கணினியைத் திசைவியுடன் கம்பிவடம் மூலம் இணைத்தல். இப்போது இணையம் கிடைத்தால், சிக்கல் முதல் இரு படிகளில் இருக்கக்கூடும். கிடைக்காவிடில், பெரும்பாலும் இறுதி மூன்று படிகளில் உள்ளது.

வலையமைப்பின் பெயர் தென்படாமை

வலையமைப்பின் பெயர் பட்டியலில் இல்லையெனில் சிக்கல் முதற் படியில் உள்ளது. எந்த வலையமைப்பும் தென்படவில்லை எனில், கம்பியற்ற அட்டை அணைக்கப்பட்டிருக்கலாம். பழைய மடிக்கணினிகள் பலவற்றின் விளிம்பில் இதற்கென ஒரு சிறு நிலைமாற்றி இருந்தது. பின்னர் வந்தவற்றில் இது விசைப்பலகையின் மேல்வரிசையில் உள்ளது. விமான நிலை இயக்கத்தில் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

அண்டை வீட்டு வலையமைப்புகள் தென்பட்டு, வேண்டிய பெயர் மட்டும் தென்படாவிடில் பின்வருவன காரணங்களாகலாம்.

அலைக்கற்றை: வீட்டு வை-ஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைக்கற்றைகளில் இயங்குகிறது. 802.11பி, 802.11ஜி மட்டும் அறிந்த பழைய அட்டைகளும், விலை குறைந்த 802.11என் அட்டைகள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். திசைவி 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கினால் அக்கணினிகளுக்கு அது இல்லாததற்குச் சமம்.

தடம்: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள தடங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 1 முதல் 13 வரையான தடங்கள் பயன்படுகின்றன. அமெரிக்காவில் வழக்கமாக 11 வரை மட்டுமே பயன்படுகின்றன. ஆகவே அமெரிக்காவில் வாங்கிய மடிக்கணினி ஒன்றுக்கு, 12 அல்லது 13ஆம் தடத்தில் இயங்கும் திசைவி தென்படாமல் போகலாம். திசைவியின் தடத்தை 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றாக மாற்றினால் இச்சிக்கல் தீரும். இம்மூன்று தடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை என்பதால் அண்டை வலையமைப்புகளின் இடையூறும் குறையும்.

இயக்கி மென்பொருள்: வை-ஃபை 6 திசைவிகளின் அறிவிப்பில் உள்ள புதிய பகுதிகளைப் புரிந்துகொள்ளாமல், சில பழைய அட்டைகள் அவ்வலையமைப்பையே காட்டுவதில்லை. அட்டையின் இயக்கி மென்பொருளைப் புதுப்பிப்பது இதற்குத் தீர்வாகும். புதுப்பிப்பதற்கு இணையம் தேவை என்பதால் கம்பிவடத்தையோ கைபேசி இணைப்பையோ பயன்படுத்தலாம்.

பெயரின் மொழி: வலையமைப்பின் பெயர் 32 பைட்டுகளுக்கு மேற்படக்கூடாது. யூடிஎஃப்-8 குறிமுறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட்டு போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் தேவை. உயிர்க்குறிகளும் புள்ளியும் தனிக் குறியீடுகள் ஆதலால், ‘விருந்தினர்’ என்னும் சொல் 11 குறியீடுகளும் 33 பைட்டுகளும் கொண்டதாகி, எல்லையை ஒரு பைட்டால் மீறிவிடுகிறது. ‘விருந்து’ என்பது 24 பைட்டுகளில் அடங்கும். தமிழ்ப் பெயர்கள் சில பழைய கருவிகளில் பொருளற்ற குறிகளாகத் தோன்றக்கூடும்.

கடவுச்சொல் ஏற்கப்படாமை

பெயர் தென்பட்டும் சேர முடியாவிடில் சிக்கல் இரண்டாம் படியில் உள்ளது. டபிள்யூ.பி.ஏ.2 முறையில் கடவுச்சொல் 8 முதல் 63 வரையான எழுத்துகளைக் கொண்டது. ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறாகக் கொள்ளப்படும். சுழியமும் ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்தும், எண் 1உம் ‘எல்’ என்னும் எழுத்தும் மாறித் தட்டப்படுவது பொதுவான பிழையாகும். தட்டச்சிடப்படுவது புள்ளிகளாக மறைக்கப்படுவதால், தமிழ்99 போன்ற விசைப்பலகை அமைப்பு இயக்கத்தில் இருப்பதைப் பயனர் அறியாமல் போகலாம். செருமானிய விசைப்பலகையில் ‘ஒய்’, ‘இசட்’ ஆகிய எழுத்துகள் இடம் மாறியிருக்கும். கடவுச்சொல்லைக் காட்டும் வசதியை இயக்கிப் பார்ப்பது இவை அனைத்தையும் ஒரே நேரத்தில் வெளிப்படுத்தும்.

விருந்தினர் முன்னர் வந்திருந்த காலத்துக் கடவுச்சொல் கணினியில் சேமிக்கப்பட்டிருந்தால், கணினி அதையே மீண்டும் மீண்டும் அனுப்பும். சேமித்த வலையமைப்பை மறக்கச் செய்து மீண்டும் இணைக்க வேண்டும்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் ஏற்கப்படாவிடில் குறியாக்க முறையைப் பார்க்க வேண்டும். டபிள்யூ.பி.ஏ. 2003இலும், டபிள்யூ.பி.ஏ.2 2004இலும், டபிள்யூ.பி.ஏ.3 2018இலும் அறிமுகமாயின. விண்டோஸ் 10 இயங்குதளம் 2019இல் வெளியான 1903ஆம் பதிப்பு முதல் டபிள்யூ.பி.ஏ.3ஐ ஏற்கிறது. திசைவி இம்முறையை மட்டும் ஏற்குமாறு அமைக்கப்பட்டிருந்தால் பழைய கணினிகள் இணைய இயலாது. டபிள்யூ.பி.ஏ.2, டபிள்யூ.பி.ஏ.3 ஆகிய இரண்டையும் ஏற்கும் கலப்பு நிலை இதற்குப் பொருத்தமானது.

சில வீடுகளில், பதிவு செய்த மேக் முகவரிகளை மட்டும் ஏற்குமாறு திசைவி அமைக்கப்பட்டிருக்கும். மேக் முகவரி என்பது 48 இருமங்கள் கொண்ட வன்பொருள் அடையாளமாகும். இந்நிலையில் விருந்தினர் கணினியின் முகவரியைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கணினி தற்செயல் முகவரியைப் பயன்படுத்தும் வசதி இயக்கத்தில் இருந்தால், வன்பொருளின் முகவரியைச் சேர்ப்பதால் பயனில்லை. அவ்வலையமைப்புக்கு மட்டும் அவ்வசதியை அணைத்துவிட்டுச் சேர்க்கலாம்.

ஐபி முகவரி கிடைக்காமை

வலையமைப்பில் சேர்ந்த கணினிக்கு டி.எச்.சி.பி. நெறிமுறை வழியாகத் திசைவி ஒரு முகவரியை வழங்குகிறது. வீட்டு வலையமைப்புகளில் இது பெரும்பாலும் 192.168 அல்லது 10 என்று தொடங்கும். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் என்னும் கட்டளை மூலம் இதனைக் காணலாம்.

முகவரி 169.254 என்று தொடங்கினால், திசைவியிடமிருந்து விடை கிடைக்காமல் கணினி தானே ஒரு முகவரியைச் சூட்டிக்கொண்டது என்பது பொருள். கம்பியற்ற அட்டையை அணைத்து மீண்டும் இயக்குவது முதல் தீர்வாகும். அதனால் பயனில்லையெனில், திசைவி வழங்குவதற்கென ஒதுக்கிய முகவரிகள் அனைத்தும் தீர்ந்துவிட்டனவா என்று பார்க்க வேண்டும். கைபேசிகள், தொலைக்காட்சி, கண்காணிப்புப் படக்கருவிகள் ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு முகவரியை எடுத்துக்கொள்ளும். ஒதுக்கீட்டின் அளவை உயர்த்துவதால் இது தீரும்.

கணினியின் முகவரி வீட்டு வலையமைப்பின் வரிசையிலேயே இல்லாமல் வேறாக இருந்தால், அலுவலகத்துக்கென நிலையான முகவரி எழுதப்பட்டிருக்கக்கூடும். முகவரியைத் தானாகப் பெறுமாறு மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன் பழைய மதிப்புகளைக் குறித்துக்கொள்வது இன்றியமையாதது. இல்லாவிடில் அலுவலகத்துக்குத் திரும்பிய பின் அங்கு இணைப்பு கிடைக்காது.

முகவரி இருந்தும் இணையம் இல்லாமை

இந்நிலையில் பிங் என்னும் கட்டளை உதவும். 1983இல் மைக் மூஸ் எழுதிய இச்சிறு நிரல், ஒரு முகவரிக்குச் செய்தி அனுப்பி விடை வருகிறதா என்று பார்க்கிறது. இதனை மூன்று இலக்குகளுக்கு வரிசையாக அனுப்ப வேண்டும்.

1. திசைவியின் முகவரி. விடை வராவிடில் கணினியின் தீச்சுவரையும் அலைவலிமையையும் பார்க்க வேண்டும்.
2. வெளி இணைய முகவரி ஒன்று, எடுத்துக்காட்டாக 8.8.8.8. திசைவி விடையளித்து இது விடையளிக்காவிடில், மெய்நிகர் தனிப்பிணைய மென்பொருளோ திசைவியின் கட்டுப்பாடுகளோ தடையாக இருக்கலாம்.
3. இணையதளம் ஒன்றின் பெயர். எண் முகவரி விடையளித்தும் பெயரைக் கண்டறிய முடியாவிடில் சிக்கல் டி.என்.எஸ். எனப்படும் களப்பெயர் முறைமையில் உள்ளது.

அலுவலகக் கணினிகளில் அலுவலகத்தின் உள் டி.என்.எஸ். வழங்கியின் முகவரி எழுதப்பட்டிருப்பது வழக்கம். அது வீட்டிலிருந்து எட்டக்கூடியதன்று. இதனையும் தானாகப் பெறுமாறு மாற்றலாம்.

மூன்றும் விடையளித்தும் உலாவியில் மட்டும் பக்கங்கள் திறக்காவிடில், பதிலாள் வழங்கி அமைப்பு நீக்கப்படாமல் எஞ்சியிருக்க வாய்ப்பு மிகுதி. கணினியின் நாளும் நேரமும் மற்றொரு காரணமாகும். தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்த கணினிகள் பல ஆண்டுகள் பின்னோக்கிய நாளைக் காட்டும். பாதுகாப்பான இணையதளங்களின் சான்றிதழ்கள் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லுபடியாகும் என்பதால், உலாவி அவற்றை ஏற்க மறுக்கும். நாளைத் திருத்தியவுடன் இது சரியாகிவிடும்.

அலைவலிமைக் குறைவு

இணைப்பு அடிக்கடி அறுந்தால், முதலில் மடிக்கணினியைத் திசைவி உள்ள அறையிலேயே வைத்துச் சோதிக்க வேண்டும். அங்குச் சரியாக இயங்கினால் காரணம் தொலைவு அல்லது தடுப்பாகும். விருந்தினர் அறை பெரும்பாலும் வீட்டின் ஓரத்தில் அமைவதால் இது மிகுதியாக நேர்கிறது. கற்காரைச் சுவர், இரும்பு அலமாரி, நீர்த்தொட்டி ஆகியவை அலைகளை வலுவிழக்கச் செய்யும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை விடச் சுவர்களை ஊடுருவும் திறன் குறைந்தவை. நுண்ணலை அடுப்பு ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால், சமையல் நேரத்தில் மட்டும் இணைப்பு தளர்வதும் உண்டு.

தவிர்க்க வேண்டியவை

கடவுச்சொல்லை நீக்குதல்: இவ்வாறு செய்தால் விருந்தினர் எளிதில் இணையலாம். அண்மையில் உள்ள எவரும் இணையலாம். சூலை 2008இல் அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன் அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் பாதுகாப்பற்ற வை-ஃபை இணைப்பு வழியாகச் சென்றிருந்தது. ஐபி முகவரியைப் பின்தொடர்ந்த காவல்துறை முதலில் அவ்வீட்டையே சென்றடைந்தது. வெளியுலகுக்குத் தெரிவது விருந்தினரின் பெயரன்று, வீட்டு இணைப்பின் முகவரியே என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

பழைய குறியாக்கத்துக்கு மாறுதல்: பழைய கணினிக்காக டபிள்யூ.இ.பி. முறைக்குத் திரும்புவதும் ஏறத்தாழ இதற்கு ஒப்பானது. இம்முறையின் பெருங்குறைகள் 2001இலேயே வெளியாயின. 2007இல் செருமனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இதன் 104 இருமத் திறவியை ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் கண்டறியும் முறையை வெளியிட்டனர்.

தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தல்: திசைவியை அணைத்து மீண்டும் இயக்குவதில் தீங்கில்லை. ஆனால் அதன் பின்புறத் துளையில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால், இணையச் சேவையின் பயனர் பெயர், கடவுச்சொல் உள்ளிட்ட அமைப்புகள் அழிந்துவிடும். அவை குறித்து வைக்கப்படாத வீடுகளில் இணைய இணைப்பே நின்றுபோகும்.

விருந்தினர் வலையமைப்பு

திசைவிகள் பலவற்றில் விருந்தினருக்கென இரண்டாவது வலையமைப்பு ஒன்றை உருவாக்கும் வசதி உள்ளது. இதற்குத் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் அமைக்கலாம். இதில் இணைந்த கணினி இணையத்தை மட்டும் அடையும், வீட்டுக் கணினிகளில் உள்ள கோப்புகளை அடையாது. எனவே இதன் வழியாக வீட்டு அச்சுப்பொறியில் அச்சிட இயலாமல் போவது பொதுவாகப் பழுதன்று.

பழுதறிதலிலும் இது பயன்படுகிறது. விருந்தினர் வலையமைப்பை 2.4 கிகாஹெர்ட்ஸிலும் டபிள்யூ.பி.ஏ.2 முறையிலும் அமைத்தால், வீட்டாரின் முதன்மை வலையமைப்பு புதிய குறியாக்கத்தில் தொடர, பழைய மடிக்கணினிகளும் இணைய இயலும். இவ்வாறு தனித்தனியே அமைக்க இடமளிக்காத திசைவிகளும் உண்டு. விருந்தினர் விடைபெற்ற பின் இவ்வலையமைப்பை அணைத்துவிடலாம், அல்லது கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். விருந்தினரும் தம் கணினியில் அவ்வீட்டு வலையமைப்பைப் பொது வலையமைப்பு என வகைப்படுத்திக்கொள்வது நன்று. அதனால் அவருடைய கோப்புகள் அவ்வலையமைப்பில் உள்ள பிற கணினிகளுக்குத் தென்படாமல் காக்கப்படும்.