கட்டியக்காரனிடம் பிரதி கிடையாது

(லண்டனிலிருந்து நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்று ஒரு சேவகனைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். தெருக்கூத்தில் வரும் கட்டியக்காரன்.

கூத்துப் பார்த்தவர்களுக்கு அவனைத் தெரியும். ராஜா திரைக்குப் பின்னால் நிற்பார். கட்டியக்காரன் முன்னால் நின்று, நீர் யார், எந்த நாட்டுக்கு அதிபதி என்று விசாரிப்பான். வேஷப்படி அவன் துரியோதனனின் ஆள். ஆனால் வியாசரிடமோ வில்லிபுத்தூராரிடமோ அவன் கிடையாது. அவன் அந்த ஊர்க்காரன். அஸ்தினாபுரத்து வரியைப் பற்றிப் பேசிக்கொண்டே உள்ளூர் ரேஷன் கடைக்கு வந்துவிடுவான். ராஜா கம்பீரமாகப் போட்ட அடவை அவன் கோணலாகப் போட்டுக் காட்டுவான். சனம் சிரிக்கும். அதிகாரத்தின் நடையை ஆடிக் காட்டுவதே அங்கே விமர்சனம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாத்தியாரிடம், ஈழத்தில் அண்ணாவியாரிடம், ஏடு இருக்கும். பாட்டும் விருத்தமும் அதில் இருக்கும். கட்டியக்காரனின் பேச்சில் பெரும்பகுதி எந்த ஏட்டிலும் இருக்காது. அது அன்றைக்கு, அந்த ஊருக்கு என்று பிறப்பது. அரசாங்கங்கள் நாடகத்தைக் கட்டுப்படுத்திய வரலாற்றைப் பார்த்தால் இந்த எழுதாப் பேச்சின் மதிப்பு புரியும். அந்த வரலாறு நாம் வாழும் இந்த நகரத்திலிருந்தே தொடங்குகிறது.

1730களில் லண்டன் ஹேமார்க்கெட்டில் ஹென்றி ஃபீல்டிங் என்பவர் பிரதமர் வால்போலைக் கேலி செய்து நாடகங்கள் போட்டார். 1737இல் வால்போல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். புதிய நாடகம் எதுவானாலும் மேடையேறுவதற்குப் 14 நாட்களுக்கு முன் அதன் பிரதி லார்ட் சேம்பர்லைன் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஃபீல்டிங் நாடகத்தை விட்டு நாவல் எழுதப் போனார். பிறகு போ ஸ்ட்ரீட்டில் நீதவானாகவும் ஆனார். இந்தத் தணிக்கை 1968 வரை, 231 வருடங்கள் நீடித்தது. அப்படி வந்து சேர்ந்த பிரதிகளில் 1824க்குப் பிந்தியவை இன்று யூஸ்டன் சாலையில் உள்ள பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன.

பிரதியில் இல்லாததைப் பேசினால் என்ன ஆகும்? 1958இல் ஈஸ்ட் ஹாமுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்ட்ராட்ஃபோர்டில் அது தெரிந்தது. ஜோன் லிட்டில்வுட்டின் நாடகக் குழு, அனுமதி பெற்ற பிரதியைத் தாண்டி மேடையிலேயே வசனம் கட்டியது. ஒரு நடிகர், பொதுக் கழிப்பறையைத் திறந்து வைக்கும் சர்ச்சிலைப் போல நடித்துக் காட்டினார். வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள். தொகை சிறியதுதான். ஆனால் குற்றம் என்னவென்று பாருங்கள்: எழுதிக் கொடுக்காததைப் பேசியது. நம் கட்டியக்காரன் விடிய விடியச் செய்கிற வேலை அது.

நாடகத்தின் மீதான இந்தப் பயம் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. வேல்ஸ் இளவரசர் கல்கத்தாவுக்கு வந்தபோது ஜகதானந்த முகர்ஜி என்ற வழக்கறிஞர் தன் வீட்டுப் பெண்களைக் கொண்டு அவரை வரவேற்றார். அதைக் கிண்டலடித்து 1876இல் கிரேட் நேஷனல் தியேட்டர் ஒரு கேலி நாடகம் போட்டது. அந்த வருடமே நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. அதன் 12ஆம் பிரிவு சுவாரசியமானது: சமயத் திருவிழாக்களில் நடக்கும் ஜாத்திராக்களுக்கும் அவை போன்ற நிகழ்ச்சிகளுக்கும் இச்சட்டம் பொருந்தாது. திரௌபதி அம்மன் திருவிழாவில் ஆடும் கூத்து அந்த வரிக்குள் அடங்கக்கூடியதுதான். சாமி காரியத்தில் கை வைக்கத் தயங்கிய அரசு கட்டியக்காரனுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டது.

கதவுக்கு வெளியே வந்தவர்கள் பட்ட பாடு வேறு. விசுவநாததாஸ் டிக்கெட் விற்று நடக்கும் நாடக மேடையின் ராஜபார்ட். வள்ளி திருமணத்தில் தினைப்புனத்துப் பறவைகளின் சாக்கில் வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடினார். கொக்கு யாரென்று சபைக்கும் தெரியும், போலீசுக்கும் தெரியும். பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிர் பிரிந்தது.

வெள்ளைக்காரன் போன பிறகும் பயம் போகவில்லை. 1954இல் சென்னை மாகாணம் தனக்கென்று ஒரு நாடகச் சட்டம் போட்டது. எம்.ஆர். ராதாவை மனத்தில் வைத்தே அது வந்தது என்று பரவலாகப் பேசப்பட்டது. அன்றைய செய்தியை அன்றைக்கே மேடையில் பேசுவது ராதாவின் வழக்கம். அவரும் ஒருவகையில் கட்டியக்காரன்தான். பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது.

கட்டியக்காரனைப் புரட்சிக்காரனாக ஆக்கிவிடவும் கூடாது. அவனுடைய கேலி பல நேரம் பெண்கள் மீதும் எளிய சாதிகள் மீதும் விழுந்திருக்கிறது. ராத்திரி ராஜாவைப் பார்த்துச் சிரித்த ஊர், விடிந்ததும் பண்ணையாருக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றது. திருவிழா கொடுத்த உரிமை திருவிழாவோடு முடிந்தது.

எழுதினால் கூத்து செத்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் கோயில் நுழைவுப் போராட்டம் நடந்தது. அடுத்த வருடமே என்.கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை'யை அம்பலத்தாடிகள் காத்தான் கூத்துப் பாணியில் ஆடினார்கள். அது எழுதப்பட்ட நாடகம். ஆனால் பேசியது அன்றைய யாழ்ப்பாணத்தை.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். புலம்பெயர்ந்த மேடைகளில் கூத்து பெரும்பாலும் பத்து நிமிட நடனமாகச் சுருங்கிவிட்டது. அடவு இருக்கிறது, கிரீடம் இருக்கிறது. முதலில் வெட்டுப்படுவது கட்டியக்காரனின் பேச்சு. பிள்ளைகளுக்குப் புரியாது என்கிறோம், மண்டப நேரம் போதாது என்கிறோம், அரசியல் வேண்டாம் என்கிறோம். நிகழ்ச்சிக்கு முன்பே வசனத்தைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கவும் செய்கிறோம். லார்ட் சேம்பர்லைன் கேட்டதும் அதைத்தான்.

கூத்தைப் பதிவுசெய்ய வேண்டும், பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இங்கே பிறந்த ஒரு பிள்ளை கட்டியக்காரனாக வந்தால், அது வீட்டு வாடகையைப் பற்றி, விசா அலுவலகத்தைப் பற்றி, நம் சங்கத் தலைவர்களைப் பற்றித் தன் தமிழில் ஏதாவது கேட்கட்டும். முன்வரிசையில் இருப்பவருக்குச் சங்கடமாக இருக்கும். இருக்கட்டும். துரியோதனனே பொறுத்துக்கொண்டானே!

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.