ஒரே பிழையில் 85 லட்சம் கணினிகள் முடங்கியது ஏன்? திறந்த மூல இயங்குதளங்களும் மென்பொருள் பன்மையின் தேவையும்

புதுதில்லி: கடந்த 2024-ஆம் ஆண்டு ஜூலை 19, வெள்ளிக்கிழமை. தில்லி, மும்பை, பெங்களூரு, ஐதராபாத், சென்னை உள்ளிட்ட விமான நிலையங்களில் பயணிகள் நீண்ட வரிசையில் காத்திருந்தனர். கணினித் திரைகள் நீல நிறத்தில் உறைந்து நின்றன. சில இடங்களில் விமானப் பயண அட்டைகளை ஊழியர்கள் பேனாவால் எழுதிக் கொடுத்தனர். இண்டிகோ நிறுவனம் ஏறத்தாழ 200 விமானங்களை ரத்து செய்தது. அதே நாளில் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா எனப் பல நாடுகளில் விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் தொலைக்காட்சி நிலையங்களும் தடுமாறின.

இது இணையத் தாக்குதல் அன்று. ஒரு பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட சிறிய புதுப்பிப்புக் கோப்பில் இருந்த பிழையே காரணம். ஒரு நிறுவனத்தின் ஒரு கோப்பு, கண்டங்களைக் கடந்து இத்தனை துறைகளை ஒரே நேரத்தில் முடக்க முடிந்தது எப்படி என்ற கேள்வி, மென்பொருள் பன்மை குறித்த பழைய விவாதத்துக்குப் புத்துயிர் அளித்தது. திறந்த மூல இயங்குதளங்கள் மீண்டும் கவனம் பெற்றதும் அதன் தொடர்ச்சியே.

அன்று நடந்தது என்ன?

அமெரிக்காவைச் சேர்ந்த கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஃபால்கன் என்ற பாதுகாப்பு மென்பொருள், விண்டோஸ் இயங்குதளத்தின் கருப்பகுதியில் இருந்து செயல்படுகிறது. கருப்பகுதி என்பது நினைவகம், செயலி, வட்டு ஆகிய அனைத்தையும் ஆளும் அடித்தளமாகும். சாதாரணச் செயலியில் பிழை ஏற்பட்டால் அந்தச் செயலி மட்டுமே நின்றுபோகும். கருப்பகுதியில் பிழை ஏற்பட்டால் கணினியே நின்றுவிடும்.

இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு வெளியான அந்தக் கோப்பு, 10.57 மணிக்குத் திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட 78 நிமிடங்களில் அதைப் பெற்ற விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. மீண்டும் இயக்கினாலும் அதே கோப்பு படிக்கப்பட்டு, அதே இடத்தில் நின்றன. இதனால் பெரும்பாலான இடங்களில் தொழில்நுட்பப் பணியாளர்கள் ஒவ்வொரு கணினியின் முன்பும் அமர்ந்து, பாதுகாப்பு நிலையில் அதை இயக்கி, பிழையான கோப்பை நீக்க வேண்டியதாயிற்று.

பாதிக்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கை 85 லட்சம் என மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. இது உலகிலுள்ள விண்டோஸ் கணினிகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆயினும் அவை அன்றாட வாழ்வின் முக்கியக் கண்ணிகளில் இருந்ததால் பாதிப்பு பன்மடங்கானது.

இந்தியாவில் 10 வங்கிகளிலும் வங்கி சாரா நிதி நிறுவனங்களிலும் மட்டும் சிறிய அளவிலான இடையூறு ஏற்பட்டதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. பெரும்பாலான வங்கிகளின் முக்கிய அமைப்புகள் மேகக் கணிமையில் இல்லை என்றும், சில வங்கிகளே அந்தக் குறிப்பிட்ட மென்பொருளைப் பயன்படுத்துகின்றன என்றும் அது விளக்கியது. தேசிய தகவலியல் மையத்தின் வலையமைப்பு பாதிக்கப்படவில்லை என மத்திய தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தெரிவித்தார். எல்லோரும் ஒரே கருவியைச் சார்ந்திராததே இந்திய வங்கித் துறையை அன்று பெருமளவு காத்தது எனலாம்.

ஒற்றைப் பயிரின் ஆபத்து

ஒரே வகைப் பயிரை ஊரெங்கும் விதைத்தால், அதைத் தாக்கும் ஒரே நோய் ஊரையே வெறுமையாக்கும் என்பது உழவர்கள் அறிந்த உண்மை. 1970-களில் ஆசிய நெல் வயல்களைப் புல்குட்டை நச்சுயிரி தாக்கியபோது, பரவலாகப் பயிரிடப்பட்ட இரகங்களில் அதற்கு எதிர்ப்புத் திறன் இல்லை. ஆயிரக்கணக்கான மாதிரிகளை ஆராய்ந்த பின், உத்தரப் பிரதேசத்தில் திரட்டப்பட்டிருந்த ஒரைசா நிவாரா என்னும் காட்டு நெல்லில் அத்திறன் கண்டறியப்பட்டது. அதைக் கலந்து உருவாக்கப்பட்ட ஐ.ஆர்.36 இரகம் 1976-இல் வெளியானது.

இதே ஒப்புமையைக் கணினித் துறைக்குப் பொருத்தி, அமெரிக்கப் பாதுகாப்பு வல்லுநர் டான் கீர் உள்ளிட்ட குழுவினர் 2003 செப்டம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். பெரும்பாலான கணினிகள் ஒரே இயங்குதளத்தில் ஓடுவதே பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என்பது அதன் சாரம். அறிக்கை வெளியான சில நாட்களில் டான் கீர் தம் பணியை இழந்தார்.

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாகிரை தீநிரல் அந்த எச்சரிக்கைக்குச் சான்றாக அமைந்தது. விண்டோஸில் இருந்த ஒரே ஓட்டையின் வழியே, ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை அது பாதித்தது. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. ஆனால் பல கணினிகளில் அது நிறுவப்படவில்லை.

திறந்த மூல இயங்குதளம் என்றால் என்ன?

மென்பொருளை எழுதப் பயன்படும் மூலநிரலை எவரும் படிக்கவும், மாற்றவும், மாற்றியதைப் பகிரவும் உரிமம் அளிக்கும் மென்பொருளே திறந்த மூல மென்பொருள் ஆகும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ திட்டம் இந்த இயக்கத்தின் முன்னோடி. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் கரு, குனூ கருவிகளுடன் இணைந்து முழுமையான இயங்குதளமாக வளர்ந்தது.

மூலநிரல் திறந்திருப்பதால் அதிலிருந்து பல கிளைகள் தோன்றின. தன்னார்வலர்கள் பேணும் டெபியன் (1993), வணிக ஆதரவுடன் வரும் ரெட் ஹேட், எளிமைக்குப் பெயர்பெற்ற உபுண்டு (2004) ஆகியவை அவற்றுள் சில. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வேர்கொண்ட ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி போன்றவை தனி மரபைச் சேர்ந்தவை. உலகின் அதிவேக மீக்கணினிகள் 500-இன் பட்டியலில் 2017 நவம்பர் முதல் அனைத்தும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் கருவும் லினக்ஸே.

உரிமக் கட்டணம் இல்லாமை இதன் ஒரு பயன் மட்டுமே. தயாரித்த நிறுவனம் ஆதரவை நிறுத்தினாலும் வேறொருவர் பணியைத் தொடரலாம் என்பதே நீண்டகாலப் பயன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றபோது, விண்டோஸ் 11-இன் வன்பொருள் நிபந்தனைகளை நிறைவு செய்யாத, ஆனால் நன்கு இயங்கும் கணினிகளின் எதிர்காலம் கேள்விக்குறியானது. அத்தகைய கணினிகள் பலவற்றில் லினக்ஸ் இயங்கும்.

விமானமும் இணையமும் தரும் பாடம்

பன்மையைத் திட்டமிட்டே கடைப்பிடிக்கும் துறைகள் உண்டு. 1988-இல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ320 விமானத்தில், பறத்தலைக் கட்டுப்படுத்தும் கணினிகள் இரு வகையாக அமைந்துள்ளன. இரு வகைகளிலும் நுண்செயலிகள் வேறு. மென்பொருளை எழுதிய குழுக்களும் வேறு. ஒரு வகையில் உள்ள வடிவமைப்புப் பிழை மற்றொன்றையும் ஒருசேர வீழ்த்தக் கூடாது என்பதே நோக்கம். 2024 ஜூலையில் தரையில் நின்ற விமானங்களில் பலவும் இந்த ஏ320 குடும்பத்தைச் சேர்ந்தவையே. வானில் கடைப்பிடிக்கப்படும் அந்த ஒழுங்கு, விமான நிலையத்தின் பயணச்சீட்டு முகப்பில் இல்லை.

இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றும் அமைப்பின் உச்சியில் 13 மூலச் சேவையகப் பெயர்கள் உள்ளன. அவற்றை 12 அமைப்புகள் நடத்துகின்றன. ஒரு காலத்தில் இவை அனைத்தும் பைண்ட் என்னும் ஒரே மென்பொருளைச் சார்ந்திருந்தன. அந்த நிலையை மாற்றவே, முற்றிலும் புதிதாக என்எஸ்டி என்ற திறந்த மூல மென்பொருள் நெதர்லாந்தில் எழுதப்பட்டு, 2003-இல் ‘கே’ மூலச் சேவையகத்தில் நிறுவப்பட்டது.

இந்தியாவின் முயற்சிகள்

மத்திய அரசு 2015 மார்ச்சில் வெளியிட்ட திறந்த மூல மென்பொருள் கொள்கை, அரசு அமைப்புகள் மின் ஆளுமைத் திட்டங்களில் இத்தகைய மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்க முயல வேண்டும் என்கிறது. ஒப்பந்தப்புள்ளியில் திறந்த மூல மென்பொருளைத் தவிர்க்கும் நிறுவனங்கள் அதற்கான காரணத்தைக் குறிப்பிட வேண்டும் என்பதும் அதன் விதி.

சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளம் 2007-இல் வெளியானது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்தத்தக்க அதன் உருவாக்கத்தில் சென்னைக்கு முக்கியப் பங்கு உண்டு. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது.

கேரள அரசுப் பள்ளிகளின் அனுபவம் நாட்டிலேயே நீண்டதாகும். 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. தற்போது கைட் என்னும் அரசு நிறுவனம் பள்ளிகளுக்கென லினக்ஸ் பதிப்பைத் தயாரித்து வழங்குகிறது. பாடநூல், ஆசிரியர் பயிற்சி, தேர்வு ஆகிய மூன்றும் ஒன்றாக மாற்றப்பட்டதே இதன் வெற்றிக்குக் காரணமாகக் கருதப்படுகிறது. பாதுகாப்பு அமைச்சகம் தன் கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக, உபுண்டு அடிப்படையிலான மாயா இயங்குதளத்தை நிறுவவுள்ளதாக 2023-இல் செய்திகள் வெளியாயின.

கட்டுப்பாடு யாரிடம் உள்ளது என்ற கேள்வி 2025 ஜூலையில் வேறு வடிவில் எழுந்தது. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் நிறுவனம் பங்கு வைத்துள்ள நயாரா எனர்ஜி மீது ஐரோப்பிய ஒன்றியம் தடைகளை விதித்ததை அடுத்து, குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் அந்த நிறுவனத்துக்கான சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. நயாரா தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகிய சில நாட்களில் சேவை மீண்டது. கட்டணம் செலுத்திப் பெற்ற சேவையும் தொலைதூர முடிவொன்றால் நின்றுபோகலாம் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

திறந்த மூலம் மட்டும் போதுமா?

மூலநிரல் திறந்திருப்பதே பன்மையாகிவிடாது. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் பிழை, இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் என்னும் திறந்த மூல நிரல்தொகுப்பில் இருந்தது. அதைப் பராமரித்தவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்க சிலரே. 2021 டிசம்பரில் லாக்4ஜே நிரல்தொகுப்பில் கண்டறியப்பட்ட ஓட்டையும் இத்தகையதே.

2024 மார்ச் 29 அன்று, பல லினக்ஸ் பதிப்புகளில் இடம்பெறும் எக்ஸ்இசட் சுருக்கக் கருவியில் ஒருவர் திட்டமிட்டுப் புகுத்திய கள்ளவழி அம்பலமானது. தொலைக் கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்த மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், நிரலைத் துருவி அதைக் கண்டுபிடித்தார். அவர் பணிபுரிந்தது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில். நிரல் திறந்திருந்ததால் கள்ளவழியைப் புகுத்தவும் முடிந்தது. பரவலாகும் முன் கண்டுபிடிக்கவும் முடிந்தது.

கைப்பேசித் துறை மற்றொரு எடுத்துக்காட்டு. ஆண்ட்ராய்டின் அடிப்படை திறந்த மூலமே. எனினும், அந்தச் சந்தையில் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கூறி இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுள் நிறுவனத்துக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சில உத்தரவுகளை நீக்கியபோதும் 2023 மார்ச்சில் அந்த அபராதத்தை உறுதி செய்தது.

பன்மைக்கும் விலை உண்டு

இருவகை இயங்குதளங்களைப் பேணுவதற்கு இருவகைத் திறன் பெற்ற பணியாளர்கள் தேவை. அச்சுப்பொறி, வருடி போன்ற கருவிகளுக்கான இயக்கிகள், பழைய கணக்கியல் மென்பொருள், எழுத்துருக் குறியீடுகள் ஆகியவை மாற்றத்தின்போது இடையூறாகும். ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, 2013-க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது; 2017-இல் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமோ, 2024-இல் தன் 30,000 அலுவலகக் கணினிகளைத் திறந்த மூல மென்பொருளுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது.

வேறுபட்ட மென்பொருள் என்றாலே பிழைகளும் வேறுபடும் என்ற உறுதியும் இல்லை. அமெரிக்காவின் இரு பல்கலைக்கழகங்களில் ஒரே பணிக்குத் தனித்தனியே எழுதப்பட்ட 27 நிரல்களை ஆராய்ந்து நைட், லெவசன் ஆகியோர் 1986-இல் வெளியிட்ட ஆய்வு, வெவ்வேறு நிரலர்களும் ஒரே இடத்தில் தவறு செய்வதைக் காட்டியது. பன்மை, ஆபத்தைக் குறைக்கும், அறவே நீக்காது.

ஆகவே அனைத்தையும் ஒரே நாளில் மாற்றுவது எவரும் கோரும் தீர்வு அன்று. ஒரு சேவைக்கான கணினிகளில் ஒரு பகுதியேனும் வேறோர் இயங்குதளத்தில் இருத்தல், புதுப்பிப்புகளை முதலில் சில கணினிகளில் சோதித்துப் பின் பரப்புதல், கோப்புகளை எந்த மென்பொருளிலும் திறக்கத்தக்க பொதுத் தரத்தில் சேமித்தல், நம்பியிருக்கும் திறந்த மூலத் திட்டங்களின் பராமரிப்புக்கு நிதி அளித்தல் ஆகியவை நடைமுறைக்கு உகந்தவை. கணினி நின்றாலும் பணி நிற்காதிருக்கக் காகிதமும் பேனாவும் கொண்ட மாற்று ஏற்பாடும் அவற்றுள் ஒன்று. அந்த ஜூலை நாளில் பயணிகள் பலர் விமானம் ஏறியது கையால் எழுதப்பட்ட அட்டைகளைக் கொண்டுதான்.