பழைய ஸ்டீல் மவுண்டன் பைக்: எதை மாற்றலாம், எதை விடலாம்?

போன வருஷம் எங்க தெருவில் ஒரு வீட்டுக்காரர் கராஜைக் காலி செய்தபோது 40 டாலருக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். 1980-களின் பிற்பகுதியில் ஜப்பானில் செய்த ஸ்டீல் மவுண்டன் பைக். சஸ்பென்ஷன் கிடையாது, டிஸ்க் பிரேக் கிடையாது. செயின் துருப்பிடித்து, டயர் ரப்பர் வெடித்துக் கிடந்தது. ஃப்ரேமில் ஒரு கீறல் கூட இல்லை.

வாங்கிய கையோடு இணையத்தில் தேட ஆரம்பித்தால், இரண்டு கட்சி. ஒரு கட்சி, "ஒரிஜினலா இருந்தது இருந்தபடி வை, ஒரு நட்டைக்கூட மாத்தாதே" என்கிறது. இன்னொரு கட்சி, "26 இஞ்ச் செத்துப் போச்சு, அதுல காசு போடாதே, புதுசு வாங்கு" என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட எனக்கு வழக்கமான வியாதி தொற்றிக்கொண்டது: ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வரலாறு படிப்பது. படித்ததில் தெரிந்தது இதுதான். மவுண்டன் பைக் என்ற பொருளே பழைய ஸ்டீல் சைக்கிளை ஓவராயில் பண்ணி, பார்ட்ஸ் மாற்றிப் பிறந்தது. அது பிறந்த விதத்தைத் தெரிந்துகொண்டால், இன்று எதை மாற்றலாம் என்ற கேள்விக்கும் ஓரளவு பதில் கிடைத்துவிடுகிறது.

குப்பையிலிருந்து வந்த அளவு

கதை 1933-ல் தொடங்குகிறது. அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தக் காலம். சைக்கிள் விற்பனை படுத்துவிட்டது. சிகாகோவின் ஷ்வின் கம்பெனியை நடத்திய ஃபிராங்க் ஷ்வின், ஜெர்மனியில் பார்த்த தடித்த டயரை அமெரிக்கச் சைக்கிளில் போட்டார். அளவு 26 x 2.125 இஞ்ச். 'பலூன் டயர்' என்று பெயர். பேப்பர் போடும் பையன்கள் நடைபாதைத் திட்டில் ஏற்றி இறக்கினாலும் தாங்கும் வண்டி அது.

இந்த '26' என்பது டயரின் வெளி விட்டத்தைக் குத்துமதிப்பாகச் சொல்வது. உண்மையில் முக்கியமான எண் 559. ரிம்மில் டயரின் விளிம்பு உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், 26 x 1⅜ என்று இன்னொரு டயர் இருக்கிறது. அதன் எண் 590. இரண்டும் '26'தான், ஆனால் ஒன்று இன்னொன்றில் ஏறாது. நம்ம ஊர் 28 x 1½ சைக்கிளுக்கு 635. பழைய வண்டிக்கு டயர் வாங்கப் போனால் இஞ்ச் கணக்கை மறந்துவிட்டு, டயரின் பக்கவாட்டில் இருக்கும் மூன்று இலக்க எண்ணைப் பாருங்கள். அதுதான் பொய் சொல்லாது.

சரி, கதைக்கு வருவோம். 1970-களில், நாற்பது வயதான இந்த ஷ்வின் வண்டிகள் குப்பையாகக் கிடந்தன. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுன்ட்டியில் டமால்பையஸ் மலை. (பெயரைப் பார்த்ததும் 'தமிழ்'ன்னு ஆரம்பிச்சிடாதீங்க. அது கோஸ்ட் மீவோக் பழங்குடிகளின் மொழியிலிருந்து வந்த பெயர். நமக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.) அந்த வட்டாரத்து இளைஞர்கள் இந்தப் பழைய வண்டிகளை வாங்கி, மட்கார்டு, பெல், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, மண் பாதைகளில் உருட்டினார்கள். இவற்றுக்கு 'கிளங்கர்' என்று பெயர். இரும்புக் கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 50 பவுண்டு வரை எடை.

1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே ஒரு மலைப்பாதையில் முதல் ரேஸ் நடந்தது. சுமார் இரண்டு மைலில் 1300 அடி இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கும் பிரேக்தான் அந்த வண்டிகளில் இருந்தது. இறங்கி முடிப்பதற்குள் ஹப் சூடேறி உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். திரும்ப ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்துவிட்டது. மறுபடி அடைப்பது என்று அர்த்தம். உலகத்திலேயே மெயின்டனன்ஸ் வேலையின் பெயரைக் கொண்ட ரேஸ் இது ஒன்றாகத்தான் இருக்கும்!

கூப்பர்டினோவிலிருந்து வந்தவர்கள்

கிரீஸ் பிரச்சினைக்கு விடை அதற்கு முன்பே ஒருமுறை கண்ணில் பட்டிருந்தது. 1974 டிசம்பரில் மரின் பக்கம் நடந்த ஒரு சைக்ளோகிராஸ் போட்டிக்கு, கூப்பர்டினோவிலிருந்து 'மாரோ டர்ட் கிளப்' என்ற பெயரில் சிலர் வந்தார்கள். அவர்கள் வண்டியும் பலூன் டயர் வண்டிதான். ஆனால் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டெரெய்லியர் அதில் இருந்தது. கிளட்ச் மாதிரி கையால் இழுக்கும் பிரேக்கும் இருந்தது. வந்தார்கள், ஓட்டினார்கள், போய்விட்டார்கள். மரின்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். கேரி ஃபிஷர் தன் பழைய ஷ்வின்னில் டெரெய்லியர், டிரம் பிரேக், கட்டைவிரலால் தள்ளும் கியர் லீவர் எல்லாம் ஏற்றினார். இறங்க மட்டுமே லாயக்கான வண்டி இப்போது மலையேறவும் ஆரம்பித்தது.

கூப்பர்டினோ என்றால் இன்று எல்லோருக்கும் ஒரு போன் கம்பெனிதான் ஞாபகம் வரும். கராஜில் பழைய பாகங்களை ஒட்டிப் போட்டுப் புதுசு உருவாக்கும் பழக்கம் அந்த வட்டாரத்தில் கம்ப்யூட்டரோடு நிற்கவில்லை என்பது என்னைப் போன்ற மென்பொருள் ஆசாமிக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

ஆரம்பகால வண்டிகளின் பார்ட்ஸ் லிஸ்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். பிரேக் பிரான்ஸின் மாஃபக், டூரிங் சைக்கிளுக்குச் செய்தது. பிரேக் லீவர் ஜெர்மனியின் மகுரா, மோட்டார் சைக்கிளுக்குச் செய்தது. கிராங்க் பிரான்ஸின் டி.ஏ., டெரெய்லியர் ஜப்பானின் சன்டூர். மலைக்கென்று செய்த பார்ட் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியதற்குக் காரணம், அளவுகள் பொதுவாக இருந்ததுதான்.

ஃப்ரேம் மாறியது, ரிம் மாறவில்லை

பழைய ஷ்வின் ஃப்ரேம்கள் இந்த அடியைத் தாங்கவில்லை. வளைந்தன, உடைந்தன. சார்லி கெல்லி என்ற ரேஸ் அமைப்பாளர், ஃப்ரேம் கட்டத் தெரிந்த ஜோ பிரீஸிடம் புது ஃப்ரேம் கேட்டார். 1977-ல் பிரீஸ் முதல் 'பிரீஸர்' வண்டியைக் கட்டினார். விமானங்களில் பயன்பட்ட குரோமோலி ஸ்டீல் குழாய். குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த ஸ்டீல். வலு கூடுதல் என்பதால் குழாயை மெல்லிசாக வைக்கலாம். எடை 38 பவுண்டுக்கு இறங்கியது. அந்த வண்டி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

கவனியுங்கள், பிரீஸ் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய முடிந்த இடத்திலும் பழைய ஷ்வின்னின் சாய்வுக் கோணங்களையே பின்பற்றினார். சக்கரமும் அதே 559. காரணம் ரொம்ப சாதாரணம்: தடித்த டயர் அந்த அளவில்தான் கடையில் கிடைத்தது.

அடுத்து டாம் ரிச்சி ஃப்ரேம் கட்ட, ஃபிஷரும் கெல்லியும் 1979-ல் 'மவுண்டன்பைக்ஸ்' என்று கம்பெனி ஆரம்பித்து விற்றார்கள். விலை 1300 டாலர் வாக்கில். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி, ரிச்சியின் வண்டியை முன்மாதிரியாக வைத்து, ஜப்பானில் செய்த 'ஸ்டம்ப்ஜம்பர்' வண்டியை 750 டாலருக்கு இறக்கியது. 1982-ல் ஷிமானோ மலைக்கென்றே 'டியோர் எக்ஸ்.டி.' பார்ட்ஸ் செட்டைக் கொண்டுவந்தது. ஐந்தாறு வருஷத்தில் கராஜ் விளையாட்டு ஒரு தொழிலாகிவிட்டது. தொழில் ஆனபோதும் 1933-ன் ரிம் அளவு அப்படியே தொடர்ந்தது. மென்பொருளில் இதை பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி என்போம். யாரும் உட்கார்ந்து வடிவமைத்தது அல்ல. கையில் இருந்ததை வைத்து ஓட்டியதில் தானாக வந்தது.

இப்போ என் வண்டி

இந்த வரலாற்றைப் படித்தபின் என் சைக்கிளை வேறு மாதிரி பார்த்தேன். எதை மாற்றலாம் என்பது ரசனைக் கேள்வியாகத் தோன்றவில்லை. எந்த அளவு பொதுவானது, எது அல்ல என்ற கேள்வியாகத் தோன்றியது.

பி.பி. கப் உட்காரும் குழாயில் பிரிட்டிஷ் மரை: 1.37 இஞ்ச், இஞ்சுக்கு 24 மரை. வலது பக்கம் மட்டும் தலைகீழ் மரை, அதை மறந்து திருகினால் கை வலிக்கும், கப் அசையாது. பழைய பால்ரஸ், கோன், கப் எல்லாம் எடுத்துவிட்டு, சீல் செய்த கார்ட்ரிட்ஜ் ஒன்றைப் போட்டேன். இன்றைக்கும் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. பழைய கிராங்க் அதன் சதுர முனையில் அப்படியே உட்கார்ந்தது.

பின் சக்கரம் உட்காரும் இடைவெளி 130 மி.மீ. பின்னால் வந்த மவுண்டன் பைக் ஹப்கள் 135. இங்கேதான் ஸ்டீலின் அருமை. பக்கத்துக்கு 2.5 மி.மீ. வீதம் மெதுவாக விரித்துவிடலாம். சூடு வைக்க வேண்டியதில்லை. விரித்தபின், ஒரு நூலைப் பின்பக்க ஒரு முனையிலிருந்து எடுத்து ஹேண்டில்பார் குழாயைச் சுற்றி மறு முனைக்குக் கொண்டுவந்து கட்டி, நடுக் குழாயிலிருந்து நூல் இரு பக்கமும் சம தூரமா என்று அளக்க வேண்டும். அலுமினிய ஃப்ரேமில் இதைச் செய்யவே கூடாது, விரிசல் விடும். கார்பனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கட்டைவிரல் கியர் லீவரை மாற்றவில்லை. அதில் 'கிளிக்' முறையை அணைத்துவிட்டு வெறும் உராய்வில் ஓட்டும் வசதி இருக்கிறது. ஆறு கியருக்குச் செய்த லீவர், பின்னால் நான் போட்ட எட்டு கியரையும் தள்ளுகிறது. நாற்பது வருஷ இன்டர்ஃபேஸ், ஒரு அடாப்டரும் இல்லாமல்!

பிரேக்கில் பழைய கான்டிலீவரை வைத்துக்கொண்டு, கட்டை மட்டும் புதிது போட்டேன். 1990-களின் நடுவில் வந்த வி-பிரேக் அதே குமிழில் பெரும்பாலும் ஏறும். ஆனால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு கேபிளை இழுக்கக் கேட்கும். லீவரையும் மாற்றாமல் வி-பிரேக் மட்டும் போட்டால் வண்டி நிற்காது. பாதியை மட்டும் அப்கிரேட் செய்வது ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இதற்கு எதிர் உதாரணமும் அதே காலத்தில் இருக்கிறது. 1986 முதல் இரண்டு மூன்று வருஷம், பின் பிரேக்கை பி.பி.க்குப் பின்னால் அடியில் மாட்டும் 'யு-பிரேக்' ஃபேஷனாக இருந்தது. அதன் குமிழ் இருக்கும் இடம் வேறு. சேறு அடைத்துக்கொண்டதால் ஃபேஷன் போய்விட்டது, ஆனால் குமிழ் ஃப்ரேமில் பற்றவைத்ததாயிற்றே! அந்த வருஷத்து நல்ல ஃப்ரேம்கள் பலவற்றில் இன்று கான்டிலீவரும் ஏறாது, வி-பிரேக்கும் ஏறாது. பழசு வாங்குபவர்கள் முதலில் குனிந்து பார்க்க வேண்டிய இடம் அது.

26 செத்துவிட்டதா?

2010-களில் கம்பெனிகள் 29 இஞ்சுக்கும் 27.5 இஞ்சுக்கும் போய்விட்டன. பெரிய சக்கரம் கல்லையும் வேரையும் எளிதாகத் தாண்டும், அதில் சந்தேகமில்லை. 29-ஐ முன்னின்று பரப்பியவர்களில் கேரி ஃபிஷரே ஒருவர். ஆனால் 'புதுசு' என்று சொல்லி விற்ற அந்த எண்களைப் பாருங்கள். 29 என்பது 622. ரோடு சைக்கிளின் பழைய 700சி ரிம். 27.5 என்பது 584; பிரெஞ்சுக்காரர்களின் பழைய 650பி. கம்பெனிகள் புது அளவைத் தேடிப் போனபோதும் கையில் அகப்பட்டது பழைய அளவுகள்தான். 650பி கிட்டத்தட்ட மறந்துபோன நிலையிலிருந்து திரும்பி வந்தது. அதனால் 559-க்கு இரங்கற்பா எழுத நான் அவசரப்பட மாட்டேன். நல்ல டயர் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. தேர்வு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

'ஒரிஜினலாக வை' கட்சிக்கும் நியாயம் உண்டு. முதல் தலைமுறை வண்டிகள், பிரீஸரோ ஆரம்பகால ரிச்சியோ, கையால் எழுதிய ஆவணம் போல. பிரேக் லீவர் மோட்டார் சைக்கிளுடையது என்பதே அங்கு வரலாற்றுச் சான்று. அதைக் கழற்றினால் சான்று போயிற்று. அப்படி ஒன்று கையில் வந்தால் கழுவி, கிரீஸ் போட்டு, கழற்றிய ஒவ்வொரு திருகையும் பையில் போட்டு வைக்கத்தான் வேண்டும். ஆனால் ஆயிரக்கணக்கில் அச்சடித்தது போல வந்த 1980-களின் வண்டிகள் அப்படியல்ல. அவை ஓடாமல் நின்றால் அடுத்த நிறுத்தம் பழைய இரும்புக் கடைதான்.

நடைமுறையில் எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: திருப்பி எடுக்க முடிகிற மாற்றம் எதையும் செய்யலாம், ஃப்ரேமை அறுப்பது, பற்றவைப்பது, பெயின்ட்டைச் சுரண்டுவது கூடாது. 130-ஐ 135 ஆக விரித்தது இந்த விதியின் ஓரத்தில் நிற்கிறது என்பது தெரியும். மறுபடி அமுக்கிவிடலாம் என்பது என் வாதம். கழற்றிய பார்ட்ஸ் எல்லாம் ஒரு டப்பாவில், லேபிளோடு இருக்கின்றன. எனக்கு அடுத்து இந்த ஃப்ரேமை வாங்குபவர் வேறு கட்சிக்காரராக இருக்கலாம் இல்லையா?